தண்ணீர் ஏறாத ஞாயிற்றுக்கிழமை

இந்த ஞாயிற்றுக்கிழமை ஈரத்துணியைக் கையால் தொடுவதில்லை என்று சுபுஹான் பாய் சபதம் எடுத்தார். மனதுக்குள்தான். வாய்விட்டுச் சபதம் எடுக்கிற வசதி அவர் வீட்டில் அவருக்குக் கிடையாது.

கள்ளக்குறிச்சி கடைத்தெருவில் பைப், மோட்டார் சாமான் விற்கிறவர் அவர். வாரமெல்லாம் கடை. ஞாயிறானால் வாஷிங் மெஷின். மெஷின் துவைக்கும். மனைவி ருக்சார் மேற்பார்வை பார்ப்பாள். வாளி வாளியாகச் சுமந்து மொட்டை மாடியில் காயப்போடுவது மட்டும் பாயின் பங்கு. இந்த வாரமோ கூட்டாளி நவுஷாத் ஜீப்போடு வருகிறான். வெள்ளிமலைப் பக்கம் அருவியில் குளியல், பாறை மேல் உட்கார்ந்து பிரியாணி. ஆண்கள் மட்டும். இதை ருக்சாரிடம் சொல்லி அனுமதி வாங்குவதைவிட அருவியை வீட்டுக்கு வரவழைப்பது சுலபம்.

ஆகவே ஒரு திட்டம். விடிந்தும் விடியாமல் எழுந்தார். மெஷினுக்குப் பின்னால் கையை விட்டு, சுவர்க் குழாயை மூடினார். இனி தண்ணீர் ஏறாது. உள்ளே வால்வு போச்சு என்று சொல்லலாம். வால்வு தேடி வெளியூர் கிளம்பலாம்.

குழாயும் ஓஸும் சேருகிற இடத்தில் விரலில் ஈரம் பட்டது. ஒழுக்கு. கண்ணில் படாத ஒழுக்கை அவர் எத்தனை மாதம் வேண்டுமானாலும் பொறுப்பார். கையில் பட்டுவிட்டால் ஒரு நிமிஷம்கூடப் பொறுக்க மாட்டார். ஓஸைக் கழற்றி, சட்டைப் பையில் எப்போதும் கிடக்கும் வெள்ளை டேப்பை மரையில் சுற்றி, அழகாக இறுக்கிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.

"ஏங்க! மெஷினு முனகிக்கினே இருக்குது. தண்ணி ஏறல."

"அப்படியா! இன்னாவா இருக்கும்?"

ஆச்சரியம் கொஞ்சம் ஜாஸ்தியாகிவிட்டது. ருக்சார் அவரைப் பார்த்தாள். மெஷினுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். மறுபடி அவரைப் பார்த்தாள். உள்ளே போய் யாருக்கோ போன் பேசிவிட்டு வந்தாள்.

"மாடி டேங்குல தண்ணி இருக்குதா பாருங்க."

ஏறிப் பார்த்தார். "இருக்குது!"

"அடில சேறு?"

"லேசா."

"அப்ப அதான் அடைச்சிக்கினு இருக்கும். கழுவி வுட்டுடுங்க."

டேங்குக்குள் இறங்கிக் கழுவினார். நனைந்த பூனை மாதிரி கீழே வந்தார்.

"மெஷின நவுத்துங்க. ஓஸ் மடிஞ்சிருக்கும்."

நகர்த்தினார். பின்னால் ஒரு சின்ன குப்பைமேடு. ஜோடி தவறிய சாக்ஸ்கள், மகள் சபாவின் தலையில்லாத பொம்மை.

"அப்படியே கூட்டிடுங்க. ஓஸ் முனையில ஜல்லடை இருக்குமே?"

இருந்தது. உப்புப் படிந்திருந்தது. பிரஷ் போட்டுத் தேய்த்தார்.

"அதே பிரஷ்ஷால ஷவரையும் தேய்ச்சிடுங்க."

"ஷவருக்கும் மெஷினுக்கும் இன்னாம்மா சம்மந்தம்?"

"ரெண்டும் ஒரே டேங்குத் தண்ணிதான? பைப்புக் கடைக்காரரு நீங்க, உங்களுக்குத் தெரியாததா?"

தெரிந்த விஷயமாகப் போய்விட்டதால் தேய்த்தார். ஆனாலும் தண்ணீர் ஏறவில்லை. எப்படி ஏறும்?

"உள்ள வால்வு போச்சு ருக்சார். இந்த ஊர்ல கெடைக்காது. விழுப்புரம் போனாத்தான் உண்டு."

"நம்ம கடையில வெச்சிருக்கறது?"

"அது வேற வால்வு."

"ஐயோ பாவம். ஞாயித்துக்கிழமையும் உங்களுக்கு அலைச்சல். போய்ட்டு வாங்க."

கல்யாணமான நாளாய் ருக்சார் அவரை ஐயோ பாவம் என்று சொன்னதில்லை. அப்போதே உஷாராகியிருக்க வேண்டும். பாய் புதுச்சட்டை மாட்டிக்கொண்டிருந்தார்.

வாசலில் ஜீப் ஹாரன் கேட்டது. ஓடினார். ஸ்டியரிங்கில் நவுஷாத், பரீட்சை ஹாலில் உட்கார்ந்த பையன் மாதிரி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் அவன் மனைவி. பின்னால் தெருப் பெண்கள், பிள்ளைகள், டேக்சா நிறையப் பிரியாணி. மிச்சமிருந்த இடத்தில் புர்காவோடு ருக்சார் ஏறி உட்கார்ந்து, சபாவை மடியில் இழுத்துக்கொண்டாள்.

"நீ எங்க போற?"

"வெள்ளிமலைக்கு. நீங்கதான் விழுப்புரம் போறீங்களே."

"டேய் நவுஷாத்!"

"மன்னிச்சிடு மச்சான். எங்க போறேன்னு இவ ஒரே ஒரு தடவைதான் கேட்டா. சொல்லிட்டேன்."

"விழுப்புரம் நாளைக்குக் கூடப் போவலாம் ருக்சார்..."

"வால்வு இல்லாம துணி எப்படிங்க துவைக்கறது?" என்றவள் குனிந்து, அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்: "துணியெல்லாம் மெஷின்ல போட்டு வெச்சிருக்கேன். குழாயத் தொறந்துட்டு ஓட வுடுங்க. வெயிலு இருக்கும்போதே காயப்போட்டுடுங்க."

"கு... குழாயா?"

"ஒழுவுது ஒழுவுதுன்னு எத்தினி மாசமா கத்தினேன்? காலைல பாத்தா புது டேப்பு பளபளன்னு மின்னுது. எந்தத் திருடன் வூட்டுக்குள்ள வந்து டேப்பு சுத்திட்டுப் போவான்? " நிமிர்ந்து நவுஷாத்தைப் பார்த்தாள். "நீங்க போங்கண்ணே!"

ஜீப் போய்விட்டது. மசாலா வாசனை மட்டும் தெருமுனை வரை நின்றது.

பாய் குழாயைத் திறந்தார். கழுவிய டேங்கு, தேய்த்த ஜல்லடை, சுற்றிய டேப்பு. மெஷினில் தண்ணீர் இதுவரை இல்லாத வேகத்தில் கொட்டியது. வாளிகளைச் சுமந்து மாடி ஏறினார். கடைசித் துணிக்குக் கிளிப் போடும்போது போன் அடித்தது. சபா. பின்னால் பெண்கள் சிரிக்கிற சத்தம்.

"அத்தா, இங்க அருவியில தண்ணி ரொம்பக் கம்மியா வருது. இதையும் நீங்கதான் மூடி வெச்சீங்களான்னு அம்மா கேக்கச் சொன்னாங்க."