வளை எண் ஏழும் ஒரு நிலுவை மனுவும்

ஒரு காட்டில் ஒரு குளம் இருந்தது. குளத்தில் தண்ணீர் நிறைய இருந்தது. காட்டில் தாகமும் நிறைய இருந்தது. இரண்டுக்கும் நடுவில் ஒரு கவுன்டர் இருந்தது.

கவுன்டரில் கொக்கு சார் ஒற்றைக் காலில் நின்று வேலை பார்த்தார். தண்ணீர் குடிக்க வரும் பிராணி முதலில் தாகச் சான்றிதழ் வாங்க வேண்டும். அதற்கு ஒரு படிவம் உண்டு. தாகம் எப்போது தொடங்கியது? இதற்கு முன் தாகம் எடுத்ததுண்டா? ஆம் எனில் விவரம் தருக. விண்ணப்பதாரர் தாகத்தோடு இருந்ததை நேரில் பார்த்த இரண்டு பேர் கையெழுத்திட வேண்டும். அதன் பிறகு ஓடிபி வரும். ஓடிபியைக் கிளி கொண்டுவரும். வழியில் ஒரு கொய்யா மரம் இருந்ததால், கிளி வந்து சேர்வதற்குள் ஓடிபி காலாவதியாகிவிடும். பிராணி மறுபடியும் வரிசையின் கடைசிக்குப் போகும்.

அந்த வரிசையில் ஒரு கோடைக்காலத்தில் நான்கு பேர் அடுத்தடுத்து நின்றார்கள். முதலில் ஈட்டிராசு என்ற முள்ளம்பன்றி. அவனுக்குப் பின்னால், போதிய இடைவெளி விட்டு, துடியன் என்ற கீரி. அடுத்து குழியப்பன் என்ற பெருச்சாளி. கடைசியில் செதிலி என்ற அழுங்கு.

அழுங்குக்கு உடம்பெல்லாம் செதில். யாராவது உற்றுப் பார்த்தால் பந்தாகச் சுருண்டுகொள்ளும். செதிலியை அன்று யாரும் உற்றுப் பார்க்கவில்லை. பார்த்துவிடுவார்களோ என்ற நினைப்பே அவளுக்குப் போதுமாக இருந்தது. வரிசை நகரும்போதெல்லாம் குழியப்பன் அவளை மூக்கால் முன்னே உருட்டிவிட்டான்.

மூன்றாம் நாள் மதியம் ஈட்டிராசுவின் முறை வந்தது.

"சாட்சிக் கையெழுத்து ரெண்டும் ஒரே மாதிரி இருக்கே" என்றார் கொக்கு சார்.

"ரெண்டு பேரும் ஆமைங்க, சார். ரெட்டப் பிறவி."

"அப்போ ஒரு சாட்சிதான் செல்லும்."

ஈட்டிராசுவுக்குக் கோபம் வந்தது. முள்ளம்பன்றிக்குக் கோபம் வந்தால் முட்கள் நிமிர்ந்து ஒன்றோடொன்று உரசும். சலக், சலக், சலசல சலக். ஈட்டிராசுவின் கோபம் தாளம் தப்பாமல் வந்தது. குழியப்பன் தன்னையறியாமல் பின்னங்காலால் தரையைத் தட்டினான். வேகமாகப் பேசுவதில் பேர்போன துடியன் அதற்கேற்பத் திட்ட ஆரம்பித்தான். நான்காவது வரியில் அவனுக்கு வசவு தீர்ந்துவிட்டது. அப்போது பந்துக்குள்ளிருந்து ஒரு காகிதம் மெல்ல வெளியே வந்தது. தாகச் சான்றிதழ்ப் படிவம். அதன் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இப்படி இருந்தது:

தாகம் எனக்கு, சான்று உனக்கு
தொண்டைக்கு என்னடா தொடர்பு எண் கணக்கு
நாக்க நீட்டுனா நகல் எங்கன்னான்
நகல நீட்டுனா நாளைக்கு வான்னான்
ஒத்தக் காலுல நிக்கிறவன் நீயா
உன் முன்ன நிக்கிற ஊரே இல்லையா

துடியன் அதைப் படித்தான். பிறகு தாளத்தோடு படித்தான். வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது.

"யாரு எழுதுனது?" என்று கேட்டான்.

"பின்பக்கம் காலியா இருந்துச்சு" என்றது பந்துக்குள்ளிருந்து வந்த இரண்டாவது காகிதம்.

இப்படித்தான் குழு உருவானது. தரைக்கு மேலே சத்தமாகப் பாட ஒலி அனுமதிப் படிவம் வேண்டும். தரைக்குக் கீழே வேண்டாம். அதனால் கிழக்குச் சரிவில் குழியப்பன் குடியிருந்த ஏழாவது வளைக்குள் இறங்கிப் பாடினார்கள். குழுவுக்கும் வளை எண் ஏழு என்றே பெயர் வைத்தார்கள்.

அவர்களுடைய வேலைமுறை எளிமையானது. பாட்டுக்கு முன் ஈட்டிராசுவைக் கோபப்படுத்த வேண்டும். அந்தப் பொறுப்பு துடியனுடையது.

"அண்ணே, உங்க டோக்கன் நம்பர் என்ன?"

அவ்வளவுதான். சலக், சலக், சலசல சலக். குழியப்பனின் கால் சேர்ந்துகொள்ளும். துடியன் பாடுவான். செதிலி வளையின் மூலையில் உருண்டையாக இருப்பாள். வந்தவர்கள் அவளை உட்காரும் கல் என்று நினைத்தார்கள். ஒருமுறை ஒரு முயல் இரண்டு பாட்டு முழுக்க அவள்மேல் உட்கார்ந்து கேட்டது.

அதில் அவளுக்கு வருத்தமில்லை. செதிலி பிறந்ததிலிருந்து மூன்று பேருக்கு மேல் இருக்கும் இடத்தில் வாயைத் திறந்ததில்லை. பார்ப்பதையெல்லாம் பார்ப்பாள், சொல்ல வரும்போது சுருண்டுவிடுவாள். இப்போது அவள் நினைத்ததைத் துடியன் சொன்னான், காடே திருப்பிச் சொன்னது. இந்தக் குழு இருக்கும்வரை தனக்கும் ஒரு குரல் இருக்கிறது என்று அவள் நினைத்தாள்.

பாட்டு வளையிலிருந்து வளைக்குப் பரவியது. தவளைகள் அதைத் தப்பும் தவறுமாகப் பாடின. கடைசியில் சிங்கராஜாவின் சொந்தக் குட்டியே காலைச் சாப்பாட்டின் நடுவே எலும்பால் தட்டி, "ஒத்தக் காலுல நிக்கிறவன் நீயா" என்று பாடியது. ராஜாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அன்று மாலையே கவுன்டர் பிடுங்கப்பட்டது. கொக்கு சார் தவளைக் கணக்கெடுப்புக்கு மாற்றப்பட்டார்.

தாகம் எடுத்தவர்கள் நேராகக் குளத்துக்குப் போனார்கள், குடித்தார்கள், வந்தார்கள். காடு வளை எண் ஏழைத் தோளில் தூக்கிக் கொண்டாடியது. ஈட்டிராசுவை மட்டும் தூக்கவில்லை.

கதை இங்கே முடிந்திருந்தால் நல்ல கதையாக இருந்திருக்கும்.

அடுத்த வாரம் வளைக்குள் இடமில்லாமல் கூட்டம். துடியன் தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டான்.

"அண்ணே, உங்க டோக்கன் நம்பர் என்ன?"

"இப்ப எதுக்குப்பா டோக்கன்? தண்ணிதான் சும்மா குடிக்கலாமே" என்றான் ஈட்டிராசு. முட்கள் எண்ணெய் தேய்த்து வாரிய தலைமுடிபோல் படிந்து கிடந்தன.

துடியன் விடவில்லை. "உங்க வீட்டம்மா சமையல் நல்லா இல்லைன்னு பேசிக்கிறாங்க."

"ஆமா. முதல் நாள்லேருந்தே சுமார்தான்."

"நீங்க குண்டாயிட்டீங்க."

"நல்ல தண்ணி, தம்பி. உடம்புல சேருது."

ஒரு முள்கூட அசையவில்லை. தாளம் இல்லாமல் துடியன் பழைய பாட்டைப் பாடினான். அது படிவத்தின் முன்பக்கத்தைப் படித்துக் காட்டுவதுபோல் இருந்தது. முயல் பாதியிலேயே செதிலியின் மேலிருந்து எழுந்து போய்விட்டது.

செதிலி புதிதாக எழுதிப் பார்த்தாள். பனித்துளி பற்றி ஒன்று. எறும்பின் சுவை பற்றி ஒன்று. இரண்டும் அழகாக இருந்ததாகக் குழியப்பன் சொன்னான். கேட்டுக்கொண்டிருக்கும்போதே அவன் தூங்கியும் போனான். மூன்றாவது வாரம் வளைக்கு இரண்டு பேர் வந்தார்கள். அவர்களும் மழைக்கு ஒதுங்கியவர்கள்.

"கலைச்சிடலாம்னு நினைக்கிறேன்" என்றான் துடியன். "மேல மைனாக்கள் கல்யாணத்துக்குப் பாடுது. எனக்கும் ஒரு இடம் இருக்காம்."

துடியன் போனால் செதிலியின் வாயும் கூடவே போகும். வேண்டாம் என்று சொல்ல நினைத்தாள். நான்கு பேர் இருந்ததால் சொல்லவில்லை.

மறுநாள் வளைவாசலில் ஒரு நீண்ட மூக்கு எட்டிப் பார்த்தது.

"உள்ள வரலாமா?" என்றார் கொக்கு சார். இளைத்திருந்தார். "தவளைக் கணக்கெடுப்பு எனக்கு ஒத்து வரலை. நான் எண்ண எண்ண எண்ணிக்கை குறையுது. மேலதிகாரி சந்தேகப்படறார்."

"எங்களால உங்க வேலை போச்சு, சார். மனசுல வெச்சுக்காதீங்க" என்றான் குழியப்பன்.

"அட, நீங்க வேற. முன்னாடி நான் யாருன்னு எவனுக்குத் தெரியும்? அந்தப் பாட்டு ஓடுன மூணு மாசமும் நான் போற இடமெல்லாம் குட்டிகள் காட்டிக் காட்டிச் சிரிச்சுது. இப்ப ஒருத்தரும் திரும்பிப் பார்க்கிறதில்லை." அவர் குரலைத் தணித்தார். "அடுத்த பாட்டுல நான் இருக்கேனா?"

"அடுத்த பாட்டே இல்லை, சார்" என்றான் துடியன். "எங்க குறை தீர்ந்துபோச்சு."

கொக்கு சார் ஒரு காலை மாற்றி நின்று யோசித்தார்.

"தீர்ந்த குறையத் திரும்பக் கேக்கலாமே. முறைப்படி ஒரு மனு குடுங்க. நாளையிலேருந்து எனக்குக் குறைதீர்ப்பு மையத்துலதான் வேலை."

"ஊரு தாகத்துல தவிக்குமே, சார்" என்றான் குழியப்பன்.

"செவ்வாய்க்கிழமை மட்டும் வரிசை போதும்னு கேப்போம்" என்றான் துடியன். "அதுவும் சாயங்காலம்."

மனுவைச் செதிலி எழுதினாள். பொருள்: எங்களுக்கு இருந்து வந்த குறையைத் திரும்ப வழங்கக் கோருதல். எழுதும்போது அவளுக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. ஆனால் எழுதாவிட்டால் துடியன் மைனாக்களோடு போய்விடுவான். மூன்று நகல் எடுத்தாள்.

குறைதீர்ப்பு மையத்தில் வரிசை பெரிதாக இருந்தது. நான்கு பேரும் பழையபடி அடுத்தடுத்து நின்றார்கள். இரண்டு நாள் கழித்து அவர்கள் முறை வந்தது. உள்ளே கொக்கு சார் ஒற்றைக் காலில் நின்றிருந்தார். முகத்தில் அறிமுகமே இல்லை.

"சார், நாங்கதான்" என்றான் துடியன்.

"எந்த நாங்க?"

"வளை எண் ஏழு, சார். நீங்கதானே மனு குடுக்கச் சொன்னீங்க."

"அது வெளியில. இது கவுன்டர்." அவர் காகிதத்தைப் புரட்டினார். "குறை இருந்ததுக்கு ஆதாரம் எங்க?"

"காட்டுக்கே தெரியும், சார்" என்றான் ஈட்டிராசு.

"காடு கையெழுத்துப் போட்டிருக்கா?"

ஈட்டிராசுவின் முதுகில் ஒரு முள் மெல்லத் தலை தூக்கியது. துடியன் அதைக் கவனித்தான். குழியப்பனும் கவனித்தான்.

"மனு எழுதுனது யாரு?"

குழியப்பன் உருண்டையை மூக்கால் முன்னே தள்ளினான்.

"இப்படி இருந்தா எப்படி? விண்ணப்பதாரர் விரிந்த நிலையில் ஆஜராகணும். விதி பதினொன்று."

"அவ கூச்சப்படுவா, சார்" என்றான் ஈட்டிராசு.

"கூச்சத்துக்குச் சான்றிதழ் இருக்கா?"

சலக்.

"அது எங்க குடுப்பாங்க, சார்?" என்றான் குழியப்பன்.

"இங்கதான். ஆனா அதை வாங்கவும் விரிந்த நிலையில் வரணும்."

சலக், சலக், சலசல சலக். ஈட்டிராசுவின் அத்தனை முட்களும் நிமிர்ந்து நின்றன. குழியப்பனின் கால் தரையைத் தட்டியது. துடியன் வாயைத் திறந்தான். பாட ஒரு வரியும் இல்லை. காகிதம் வருமா என்று உருண்டையைப் பார்த்தான். அவளிடம் இருந்த காகிதமெல்லாம் மூன்று நகலுக்கே செலவாகிவிட்டது. அவனுக்குப் பின்னால் முந்நூறு பேர் நின்றிருந்தார்கள். தாளம் போய்க்கொண்டே இருந்தது. இன்னும் நான்கு தட்டில் அது அடங்கிவிடும், துடியன் மைனாக்களிடம் போய்விடுவான் என்று செதிலிக்குத் தெரிந்தது.

அப்போது பந்து பாடியது.

விரிஞ்சு வான்னா விரிய நான் பாயா
விதி பதினொண்ணு உன் வீட்டு வாயா
கூச்சத்துக்கு ஒரு சான்று வேணுமா
கூனிக் குறுகினா பேரு நாணமா
உருண்டையா வந்தா உரிமை உருளுமா
உன் ஒத்தக் காலு ஊரத் தாங்குமா

குரல் செதில்களுக்குள் மோதி மோதி, குடத்துக்குள்ளிருந்து வருவதுபோல் கனமாக வந்தது. அப்படியொரு குரலை அந்தக் காடு கேட்டதில்லை. முன்பு அவள்மேல் இரண்டு பாட்டு முழுக்க உட்கார்ந்திருந்த முயல் வரிசையில் நின்றபடி வெட்கத்தோடு காதுகளை மடித்துக்கொண்டது.

இந்த இடத்தில் செதிலி விரிந்து எழுந்து நின்றிருக்க வேண்டும். எல்லாரும் அதைத்தான் எதிர்பார்த்தார்கள். அவள் விரியவில்லை. இன்னும் இறுக்கமாகச் சுருண்டுகொண்டு இரண்டாவது சரணத்துக்குப் போனாள்.

பாட்டு முடிந்ததும் வரிசை ஆரவாரித்தது. கொக்கு சார் முகத்தை அசைக்காமல் பேனாவை எடுத்தார். அவருடைய ஒற்றைக் கால் மட்டும் தாளத்தில் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. கோப்பில் இப்படி எழுதினார்: விண்ணப்பதாரர் உருண்டையாக உள்ளார். நிலுவை.

மனு இன்றும் நிலுவையில்தான் இருக்கிறது. குளத்தில் எல்லாரும் இஷ்டப்படி தண்ணீர் குடிக்கிறார்கள். வளை எண் ஏழு மாதம் ஒருமுறை போய் மனுவின் நிலையை விசாரிக்கிறது. மாதம் ஒரு புதுப்பாட்டோடு திரும்புகிறது. போன மாதம் விதி பதினொன்றைத் தளர்த்தலாமா என்று மேலிடத்தில் பேச்சு அடிபட்டபோது, குழு பதறிப்போய், மனு முடிந்துவிடாமல் இருக்க மூன்று நகல்களில் ஒன்றைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. செதிலி உருண்டையாகவே பாடுகிறாள். துடியன் பின்பாட்டு பாடுகிறான். அதில் அவனுக்கு மனவருத்தம் உண்டு. அது அடுத்த பாட்டுக்கு உதவும் என்று மற்ற மூவரும் அதைத் தீர்க்காமல் வைத்திருக்கிறார்கள்.

நீதி: உங்கள் குறை தீர வேண்டுமானால் அதைப் பாடுங்கள். தீரவே கூடாது என்றால், உரிய படிவத்தில், மூன்று நகல்களுடன், நேரில் சென்று கொடுங்கள்.