சங்கத்துக்கு வந்த மொய்

ஆலங்குடி
பிரமாதி வருஷம் வைகாசி 28

மரியாதைக்குரிய அண்ணன் அழகுமலை அவர்கள் சமூகத்துக்குத் தங்கை அமிர்தவல்லி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நானும் உங்கள் மாப்பிள்ளையும் செவந்தியும் சௌக்கியம். செவந்திக்கு மூன்று நாளாக மூக்கு ஒழுகுகிறது. அதையும் சௌக்கியத்திலேயே சேர்த்துக்கொள்ளலாம் என்று நர்ஸம்மாள் சொல்லிவிட்டார். திருச்சியில் அண்ணியும் ராமுவும் நலமென்று நம்புகிறேன்.

பங்குனியில் நீங்கள் எழுதிய கடிதத்துக்கு இப்போதுதான் பதில் எழுதுகிறேன். "நர்ஸுக்கென்று அனுப்பிய நூறு ரூபாய் என்ன ஆயிற்று?" என்று ஒரே வரி கேட்டிருந்தீர்கள். கணக்கு ஒரு நிலைக்கு வரட்டும் என்று காத்திருந்தேன். வரவில்லை. செவந்தி பிறந்தபோது புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் பஸ் நின்றுபோனதும், கண்டக்டர் ஆண்களை எல்லாம் இறக்கிவிட்டுத் தானும் இறங்கிப் புளியமரத்தடியில் போய் நின்றுகொண்டதும் உங்களுக்குத் தெரியும். ஆவணியில் எனக்கு மறுபடியும் பிரசவ நாள். அதனால்தான் ஊரிலேயே ஒரு நர்ஸ் இருக்கட்டும் என்று தாய் சேய் நலச் சங்கம் தொடங்கினோம். பி.ஏ. படித்தவள் என்பதால் நான் காரியதரிசி, ஊர் வாய்க்கு வாத்தியாரம்மா. கடலை மண்டி வைத்திருப்பதால் தங்கமுத்து ஐயா தலைவர். நர்ஸ் உண்ணாமலையம்மாளுக்கு மாதம் இருபத்தைந்து ரூபாய்.

வருஷச் சம்பளம் முந்நூறு ரூபாயை நன்கொடையாகத் திரட்டலாம் என்று நான் புதுக்கோட்டையில் ரசீதுப் புஸ்தகம் அச்சடித்து வந்தேன். பத்து நாளில் மூன்று ரசீது கிழிந்தது. அதில் ஒன்றைக் கிழித்தது செவந்தி. ரசீதைக் கையில் வாங்கியவர்கள் அதன் பின்பக்கத்தையும் பார்த்துவிட்டு, "எலை எப்பம்மா போடுறீங்க?" என்று கேட்டார்கள். தங்கமுத்து ஐயா சொன்னார்: "வாத்தியாரம்மா, வெறுங்கையோட போயி கேட்டா எவன் குடுப்பான்? ஒரு விழாவை வைங்க, சோத்தைப் போடுங்க, பந்தல் வாசல்ல ஒரு நோட்டைப் போட்டு ஒக்காருங்க." அப்படியே பங்குனியில் தாய் சேய் நலத் திருவிழா நடந்தது. பந்தல், மேளம், வாணவேடிக்கை, தலைவருக்கு ஒரு மாலை, அந்த மாலையைப் போட்டவருக்கு ஒரு மாலை, அறுநூறு எலைச் சாப்பாடு என்று செலவு நானூற்றுப் பன்னிரண்டு ரூபாய். தாய்க்கும் சேய்க்கும் நேரடியாகச் செலவானது, போட்டிக்கு வந்த முப்பத்தொரு குழந்தைகளுக்கு ஆளுக்கொரு கிலுகிலுப்பை. ஆரோக்கியமான குழந்தைக்குப் பரிசு கொடுக்கிற நேரத்தில் வாணம் வெடித்து முப்பத்தொன்றும் அழுததால், எது ஆரோக்கியமாக அழுகிறது என்று தீர்மானிக்க முடியாமல் எல்லாவற்றுக்கும் கொடுத்துவிட்டோம். ஆனால் உங்கள் நூறு ரூபாயையும் சேர்த்து வரவு எழுநூற்று முப்பத்தொன்று. மீதி முந்நூற்றுப் பத்தொன்பது. அன்று ராத்திரி எனக்கு மனசு நிம்மதியாக இருந்தது. என் கணக்கில் "நன்கொடை" என்று அழகாகத் தலைப்பிட்டு எழுதி வைத்தேன். தப்பு அங்கேதான் நடந்தது.

சித்திரை பிறந்ததும் வெற்றிலை பாக்குடன் பத்திரிகைகள் வரத் தொடங்கின. ஆண்டியப்பன் வீட்டுப் பேரனுக்குக் காதுகுத்து. "சங்கத்துக்கு அஞ்சு ரூவா செஞ்சிருக்கேன், சங்கம் வந்து மொய் செய்யணும்ல" என்றார். சங்கம் என்பது நான்தான் என்பதால் செவந்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு போனேன். நன்கொடை என்பது பொதுக் காரியத்துக்குக் கொடுப்பது, அது கொடுத்தவருக்குத் திரும்பாது, அதன் பலன் நர்ஸ் உருவத்தில் ஊருக்கே திரும்புகிறது என்று காலேஜில் படித்ததை எல்லாம் சேர்த்து இருபது நிமிஷம் விளக்கினேன். அவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முழுவதையும் நின்று கேட்டார். "ரொம்ப நல்லாச் சொன்னீங்க வாத்தியாரம்மா. அந்த அஞ்சு ரூவாயை அங்கிட்டு எழுதுறாருல்ல, அவருகிட்டக் குடுத்துட்டு, இருந்து சாப்பிட்டுப் போங்க." தங்கமுத்து ஐயாவிடம் முறையிட்டேன். "அஞ்சா குடுத்தீங்க? ஆறாயில்ல செய்யணும். சங்கத்து மானம் என்னத்துக்கு ஆகுறது? நாளைக்கு நாம எலை போட்டா எவன் வருவான்?" என்று தன் மடியிலிருந்து ஒரு ரூபாயை எடுத்து ஆள்மூலம் அனுப்பி, அதைச் சங்கக் கணக்கில் எழுதிக்கொண்டார்.

இதுவரை முப்பத்தெட்டு வீட்டுக்கு இருநூற்றுப் பத்தொன்பது ரூபாய் திரும்பச் செய்தாகிவிட்டது. நர்ஸம்மாள் வந்து மூன்று மாதத்தில் பதினோரு பிரசவம், பதினோரு பிள்ளையும் தாயும் பிழைத்திருக்கிறார்கள். அண்ணா, இதைச் சந்தோஷமாகத்தான் எழுதுகிறேன். ஆனால் பதினோரு வீட்டிலும் பெயர் வைக்கிறார்கள், பதினோரு வீட்டிலும் நோட்டைப் பிரிக்கிறார்கள். நர்ஸ் எவ்வளவு நன்றாக வேலை செய்கிறாரோ அவ்வளவு சீக்கிரம் அவருடைய சம்பளம் கரைகிறது. மூன்று மாதச் சம்பளம் போக இப்போது கையில் இருப்பது ஆனி மாதத்துக்கு மட்டும். குளத்தூரில் முப்பது ரூபாய்க்குக் கூப்பிடுகிறார்களாம். ஆனி முடிந்ததும் போய்விடுவேன் என்று நர்ஸம்மாள் வருத்தத்துடன் சொன்னார். எனக்கு நாள் ஆவணியில். பஸ் அதே பஸ்தான். கண்டக்டர்கூட அவர்தான், என்னைச் சந்தையில் கண்டால் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போகிறார்.

இன்னொரு விழா வைக்கலாம் என்கிறார் தங்கமுத்து ஐயா. பங்குனியில்தானே வைத்தோம், சங்கத்துக்கு இப்போது என்ன விசேஷம் என்றேன். "அதான் யோசிக்கிறேன். சங்கத்துக்குக் காது இருந்தாக் குத்திப்புடலாம்" என்றார். பிறகு எங்கள் செவந்தியின் காதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் முந்தானையால் மூடிவிட்டேன். ஐந்து வயது வரை குழந்தையின் காதில் ஊசி படக் கூடாது என்பது நான் சுகாதாரப் புஸ்தகங்கள் படித்து எடுத்த முடிவு, அதில் மாற்றமில்லை. நேற்று ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டேன். இனி விழாவுமில்லை, நோட்டுமில்லை, எலையுமில்லை. நீங்களும் தயவுசெய்து ஒரு காசும் அனுப்ப வேண்டாம்.

அண்ணிக்கு என் வணக்கமும் ராமுவுக்கு முத்தமும். பெரியவர்கள் எல்லோருடைய ஆசீர்வாதமும், ஓடுகிற ஒரு பஸ்ஸும் எனக்கு வேண்டும்.

தங்கை,
அமிர்தவல்லி

பின்குறிப்பு: இதைத் தபாலில் போடுவதற்குள் தங்கமுத்து ஐயா வந்து நோட்டைப் பிரித்துக் காட்டினார். என் கணக்கில் முப்பத்தெட்டு வீடும் செலவுப் பக்கம். அவர் நோட்டில் அத்தனையும் நமக்கு வர வேண்டிய பக்கமாம், நாம் எலை போட்டால் திரும்பி வருமாம். ஆனி 20ஆம் தேதி செவந்திக்குக் காதுகுத்து. பத்திரிகை இத்துடன் இருக்கிறது. மொய் சங்கத்தின் பெயரில். தாய்மாமன் மடியில்தான் உட்கார வைக்க வேண்டும், ஆகையால் நீங்கள் இரண்டு நாள் முன்னதாகவே வர வேண்டும். நோட்டில் முதல் பெயர் உங்களுடையது. நூறு ரூபாய் பத்திரமாக இருக்கிறது, ராமுவின் காதுகுத்தில் நூற்றொன்றாக வரும். ஆகவே இந்த வருஷம் அதை வைத்துவிடாதீர்கள். ஊசியைக் கொதிநீரில் போட்டு எடுத்து நர்ஸம்மாளே குத்துவதாகச் சொல்லிவிட்டார். பத்து ரூபாய் மொய்யும் செய்கிறாராம். வேண்டாமென்று சொல்ல வாயெடுத்தேன். தை மாதம் அவர் மகளுக்குக் கல்யாணமாம், அந்த மொய் திரும்பி வருகிற வரைக்கும் ஆலங்குடியை விட்டு எங்கிட்டும் போகப்போவதில்லையாம். நோட்டில் அவர் பெயரை நானே எழுதிவிட்டேன்.