மானியம் வாங்குபவர் போர்டு அருகே நிற்கவும்

காரிமங்கலம்

சென்னையில் அரசாங்க உத்தியோகம் பார்க்கும் என் மதிப்பிற்குரிய மச்சான் கலைவாணன் அவர்களுக்கு, சென்றாயன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான், உங்கள் தங்கை மணிமேகலை, கறவை மாடு மூவரும் சௌக்கியம். அங்கே அக்காவும் பிள்ளைகளும் சௌக்கியமாக இருக்க செல்லியம்மன் துணை.

விஷயம் இதுதான். மகள் பூவிழியின் நர்சிங் படிப்புக்கு ஃபைனான்ஸ் கம்பெனியில் கடன் வாங்கினேன் அல்லவா? படிக்கும்வரை வட்டியே கிடையாது, அரசாங்கம் மானியம் தருகிறது என்று தேன் ஒழுகப் பேசினார்கள். இப்போது இரண்டாம் வருடப் பணம் கேட்டால், மானியம் இன்னும் வரவில்லை, அதுவரை வட்டியை நீங்கள் கட்டுங்கள், கட்டினால்தான் பணம் என்கிறார் மேனேஜர். "மானியம் என் கணக்குக்குத்தானுங்க வரும்?" என்றேன். "இல்லைங்க, கம்பெனி கணக்குக்கு" என்றார். எனக்கு அப்போதுதான் கண் திறந்தது மச்சான். கடன்காரன் நான், பயனாளி அவர்கள்!

போன வருடம் சொட்டுநீர் மானியத்துக்கு நான் பட்டது உங்களுக்குத் தெரியும். சிட்டா, அடங்கல், சிறு குறு விவசாயி சான்று எல்லாம் கொடுத்தும் விட்டார்களா? 'பயனாளி: சென்றாயன். இனம்: சொட்டுநீர்' என்று போர்டு எழுதி வயலில் நட்டு, பக்கத்தில் குழாயைப் பிடித்தபடி நிற்கவைத்து, கண்ணை மூடிவிட்டேன் என்று மறுபடியும் போட்டோ எடுத்தார்கள். எனக்கு ஒரு சட்டம், கம்பெனிக்கு ஒரு சட்டமா? நானே பெயின்டரிடம் சொல்லி, 'பயனாளி: ஃபைனான்ஸ் கம்பெனி. இனம்: பூவிழி, நர்சிங் இரண்டாம் ஆண்டு' என்று தகரப் போர்டு எழுதி, லக்கேஜ் டிக்கெட் கேட்ட கண்டக்டரோடு தர்மபுரிவரை சண்டை போட்டுக்கொண்டே போய், மேனேஜர் மேஜைக்கு முன்னால் நிறுத்தி, "எந்திரிச்சி இப்பிடிப் பக்கத்துல நில்லுங்க சார், ஒரே ஒரு போட்டோ" என்றேன். "ஏங்க, அதெல்லாம் விவசாயத்துக்குங்க" என்றார். "நட்டது நானு, தண்ணி உட்டது நானு, அறுப்பு மட்டும் உங்களுக்குங்களா? கண்ண மட்டும் மூடிராதீங்க சார்" என்றேன். வாட்ச்மேன் வந்து என்னையும் போர்டையும் சேர்த்தே வெளியே கொண்டுபோய் விட்டார்.

வெள்ளிக்கிழமைக்குள் பணம் கட்டாவிட்டால் காலேஜில் பூவிழியின் பெயரை எடுத்துவிடுவார்களாம். பயமாகத்தான் இருக்கிறது மச்சான், பொய் சொல்லவில்லை. அதற்காக வளைந்து கொடுக்க முடியுமா? அந்த மேனேஜர் போர்டுக்குப் பக்கத்தில் நிற்காமல் வட்டியில் ஒற்றைப் பைசா என் கையிலிருந்து பெயராது. நீங்கள் மேலிடத்தில் சொல்லி, கம்பெனிக்காரர்களையும் சான்றிதழுக்கு அலையவிட வேண்டும். வி.ஏ.ஓ. சாப்பிடப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து வரச் சொல்லவும்.

அக்காவுக்கு வணக்கம். பிள்ளைகள் நன்றாகப் படிக்கட்டும், கடன் வாங்காமல்.

இப்படிக்கு,
வளையாத
சென்றாயன்

பின்குறிப்பு: கவரை ஒட்டச் சோற்றுப் பருக்கை கேட்டேன். மணிமேகலை ரசீதை நீட்டினாள். நேற்று சந்தைக்கென்று போனவள், கம்பெனிக்குப் போய் வட்டியைக் கட்டிவிட்டு வந்திருக்கிறாள். "உங்க வீராப்புக்கு எம் புள்ள படிப்ப உட முடியாதுங்க" என்கிறாள். காலேஜுக்குப் பணம் போய்விட்டதாம். பூவிழி போனில் "அப்பா" என்று மட்டும் சொல்லி அழுதாள். ஆகவே மேலே எழுதியதை மேலிடத்தில் சொல்ல வேண்டாம். வட்டிக்கு மானியம் உண்டு, சரி. போன மானத்துக்கு எந்த ஆபீசில் மானியம் தருகிறார்கள் என்று மட்டும் விசாரித்து எழுதவும்.