எட்டு மணி ஊர்வலம்

கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் சூரியனுக்கே மெமோ கொடுக்கக்கூடிய மனிதர் ஒருவர் இருந்தார் என்றால், அது எங்கள் டைம்கீப்பர்தான். பெற்றோர் வைத்த பெயர் ஒன்றும் அவருக்கு இருந்தது. சம்பளப் பட்டியலில் பார்த்திருக்கிறேன். அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டிருந்தால் அவரே திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்.

எழுபதுகளின் தொடக்கம். ஆணி தயாரிக்கும் ஒரு சின்னக் கம்பெனியில் நான் பில் எழுதிக்கொண்டிருந்தேன். டைம்கீப்பருக்கு வாசலில் ஒரு மரக்கூண்டு. தொழிலாளிகள் வரும் நேரத்தைப் பதிவது வேலை. ஒரு நிமிடம் தாமதம் என்றாலும் சிவப்பு மை. இடது கையில் ஒரு கடிகாரம், வலது கையில் ஒன்று. இடதுகைக்காரன் தவறினால் வலதுகைக்காரன் காட்டிக்கொடுத்துவிடுவானாம். இரண்டு பேரும் தவறினால் என்ன செய்வீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். அன்று முழுவதும் அவர் என்னோடு பேசவில்லை.

நானும் அவரும் லேத் பட்டறை முனிரத்தினமும் ஒரே வீட்டில் வாடகைக்கு இருந்தோம். குளிக்க ஆளுக்கு ஆறு நிமிடம். ஏழாவது நிமிடம் கதவுக்கு வெளியே விசில் கேட்கும். காதில் சோப்பு நுரையோடு வேலைக்குப் போன நாட்கள் எனக்கு உண்டு. ரயில் தாமதமானால் பிளாட்பாரத்தின் கோடிவரை நடந்துபோய் எஞ்சின் டிரைவரிடம் விளக்கம் கேட்பார். எருமை குறுக்கே வந்துவிட்டது என்று ஒரு டிரைவர் சொன்னபோது, எத்தனை நிமிடம் குறுக்கே நின்றது என்று குறித்துக்கொண்டார். முனிரத்தினத்தின் தங்கை கல்யாணத்தில் ஐயர் மந்திரத்தை நீட்டிக்கொண்டே போக, முகூர்த்தம் தவறுகிறதே என்று இவர் விசிலை ஊதிவிட்டார். மேளக்காரர் அதைச் சைகை என்று நினைத்துக் கெட்டிமேளம் கொட்ட, மாப்பிள்ளை பதறிப்போய்த் தாலியைக் கட்டிவிட்டான். அந்தத் தம்பதிக்கு நான்கு பிள்ளைகள். எல்லாம் தன் விசிலால் பிறந்தவை என்பது டைம்கீப்பரின் எண்ணம்.

அவருக்குத்தான் கல்யாணம் ஆகவில்லை. வயது முப்பத்தெட்டு. பெண் பார்க்கப் போவார். பத்து மணி என்று சொல்லிவிட்டுப் பத்தேகாலுக்கும் பெண் தயாராகவில்லை என்றால், வாசலிலேயே கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுவார். கடைசியில் முனிரத்தினம் தன் தூரத்துச் சொந்தத்தில் ஒரு பெண்ணைக் கண்டுபிடித்தான். பள்ளிப்பட்டுப் பக்கம் ஒரு கிராமம். உச்சிப்பொழுதுக்குள் வந்து பார்த்துவிட வேண்டும், அதற்கப்புறம் நேரம் சரியில்லை என்று பெண்ணின் அப்பா சொல்லியனுப்பியிருந்தார். எங்கள் மூவருக்கும் சேர்ந்தாற்போல் விடுமுறை கிடைத்தது சுதந்திர தினத்தன்றுதான்.

முதல் நாளே திருவள்ளூர் போய் முனிரத்தினத்தின் மாமன் வீட்டில் தங்கி, விடியற்காலை முதல் பஸ்ஸைப் பிடித்தோம். டைம்கீப்பர் புது வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். நரை தெரிகிறதா என்று திருத்தணி வருவதற்குள் என்னிடம் மூன்று முறை கேட்டுவிட்டார். மூன்று முறையும் இல்லை என்றேன்.

கிராமத்து பஸ்ஸுக்காக வழியில் ஒரு சின்ன ஊரில் இறங்கினோம். ஊர்ப் பெயர் வேண்டாம். அவர்களும் இந்தப் பத்திரிகையை வாங்குகிறார்கள். பஸ் பத்தரைக்குத்தான். தெருவில் சுதந்திர தின ஊர்வலம் புறப்படத் தயாராக நின்றது. முன்னால் பேண்டு செட், அடுத்து பள்ளிக்கூடத்துப் பெண் பிள்ளைகள் நான்கு வரிசை, கடைசியில் மாட்டு வண்டியில் பாரத மாதா வேடத்தில் ஒரு பெண். அவள் காலடியில் கோணிச் சாக்கில் தைத்த சிங்கம், ஒரு கண்ணோடு. சுவரில் நோட்டீஸ்: காலை சரியாக எட்டு மணிக்கு. அந்தச் ‘சரியாக’வை டைம்கீப்பர் இரண்டு முறை வாய்விட்டுப் படித்து மகிழ்ந்தார்.

எட்டு ஆனது. எட்டரை. ஒன்பது. கொடியேற்ற வேண்டிய ரைஸ் மில் முதலாளி வரவில்லை. பிள்ளைகள் ஏழு மணியிலிருந்து வெயிலில் நிற்கிறார்கள் என்று டீக்கடைக்காரர் சொன்னார். ஒன்பது பத்துக்கு நீலப் பாவாடை போட்ட ஒரு பெண் மயங்கி விழுந்தாள். டீச்சர் ஓடிவந்து தண்ணீர் தெளிப்பதற்குள் இன்னொருத்தி சாய்ந்தாள்.

முனிரத்தினம் டைம்கீப்பரின் சட்டையைப் பிடித்துக்கொண்டான்.

“பொண்ணு பாக்கப் போறோம் நைனா. சொம்மா இரு.”

“சரியாகன்னு அச்சடிச்சி ஒட்டிட்டு, கொழந்திங்கள வெய்யில்ல காய உட்டுக்கினு கீறான். இது இன்னா நாயம்?” என்றார் அவர். சட்டையை விடுவித்துக்கொண்டு போய்விட்டார்.

ஊர்வலத்தின் முன்னால் நின்று விசில் ஊதினார். “நட!” என்று ஒரு சத்தம். வெள்ளைச் சட்டையையும் இரண்டு கைக் கடிகாரத்தையும் பார்த்து, மெட்ராஸிலிருந்து வந்த அதிகாரி என்றே பேண்டு செட்காரர்கள் நினைத்திருக்க வேண்டும். முழக்கம் கிளம்பியது. டைம்கீப்பர் கையை வீசி நடக்க, ஊர்வலம் பின்னாலேயே போனது. ஆளில்லாத மேடையைத் தாண்டிப் பள்ளிக்கூடத்துப் புளியமர நிழலில் பிள்ளைகளை உட்கார வைத்தார். முதலாளிக்காக மூடி வைத்திருந்த மோர்ப்பானையைத் திறந்து எல்லோருக்கும் ஊற்றச் சொன்னார். கொடியை மட்டும் தொடவில்லை. அது அவர் டூட்டி இல்லையாம்.

முதலாளியின் கார் வந்தபோது தெருவில் மிச்சமிருந்தது மாட்டு வண்டி மட்டும்தான். மாடுகள் நகர மறுத்துவிட்டன. மனிதர் பாரத மாதாவிடமும் ஒற்றைக்கண் சிங்கத்திடமும் மரியாதை வாங்கிக்கொண்டு இறங்கினார். இறங்கியதும் ஆரம்பித்தது கூச்சல்.

ஏட்டையா ஒருவர் டைம்கீப்பரின் கையைப் பிடித்து எங்கள் பக்கமாக அழைத்து வந்தார். கூட வந்தது யார் என்று கேட்டார். முனிரத்தினம் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்ய ஆரம்பித்தான். ஏட்டையா என்னைப் பார்த்தார்.

“நீ இந்தாளோட வந்தவனா?”

“இல்லீங்க. பஸ்ஸுக்கு நிக்கிறோம்” என்றேன்.

டைம்கீப்பர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். “நான் ஒண்டியாத்தான் வந்தேன் சார்” என்றார் ஏட்டையாவிடம். பிறகு அவரோடு ஸ்டேஷனுக்கு நடந்து போனார். நடையில் வேகம் குறையவில்லை.

பத்தரை பஸ்ஸில் நாங்கள் இருவரும் ஏறினோம். மாப்பிள்ளைக்கு நல்ல காய்ச்சல், நேரம் தவறக் கூடாது என்று எங்களை அனுப்பினார் என்று பெண் வீட்டில் முனிரத்தினம் சொன்னான். பெண்ணின் அப்பா முகம் சுருங்கியது. பெண் பார்க்கும் நாளில் படுத்துக்கொண்டால் சகுனம் எப்படி என்றார். பேச்சை மாற்ற, காலையில் நடந்த ஒரு விஷயத்தைச் சொன்னார். ஊர்வலத்தில் மயங்கி விழுந்த நீலப் பாவாடைக்காரி அவர் அண்ணன் மகளாம். சைக்கிளில் கூட்டிவந்து உள்ளே படுக்க வைத்திருக்கிறார்களாம். யாரோ ஒரு மகராசன் விசில் ஊதி நிழலுக்குக் கொண்டுபோனானாம்.

கதவருகில் நின்ற பெண் தலையைத் தூக்கினாள். நல்ல களையான முகம்.

“அந்த மன்சன் யாருன்னு தெரிஞ்சா ஒரு கும்புடு போட்டுட்டு வர்லாம்பா” என்றாள்.

முனிரத்தினம் என் காலை மிதித்தான். மிதித்திருக்கத் தேவையே இல்லை. காய்ச்சல் என்று சொன்ன வாயால், அந்த மனிதர்தான் மாப்பிள்ளை, இப்போது ஸ்டேஷனில் இருக்கிறார், நாங்கள்தான் அவரைத் தெரியாது என்று சொல்லிவிட்டு வந்தோம் என்று எப்படிச் சொல்வது? காபியைக் குடித்துவிட்டு எழுந்தோம்.

சாயங்காலம் அதே ஊரில் காத்திருந்தோம். ஸ்டேஷனில் டைம்கீப்பரைப் பெஞ்சில் உட்கார வைத்து, திட்டி, அனுப்பிவிட்டார்கள். புதுச் சட்டை கசங்கியிருந்தது. எதைப் பற்றியும் அவர் கேட்கவில்லை. நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தீர்களா என்று மட்டும் கேட்டார். போனோம் என்றோம். அது போதும் என்றார். மறுநாள் நான் வேலைக்கு நான்கு நிமிடம் தாமதம். வழக்கம்போல் சிவப்பு மைதான். அது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது.

சகுனம் சரியில்லை என்று பெண் வீட்டிலிருந்து கடிதம் வந்தது. தை மாதம் அந்தப் பெண்ணை வேறு இடத்தில் கொடுத்துவிட்டார்கள். டைம்கீப்பர் அதற்கப்புறம் எங்கும் பெண் பார்க்கப் போகவில்லை.

சில வருடங்களில் நான் வேறு வேலைக்குப் போய்க் கல்யாணமாகிப் பொன்னேரியில் குடியேறினேன். ஒருநாள் மெட்ராஸிலிருந்து திரும்பும் ரயிலில் அவரைப் பார்த்தேன். தலை முழுக்க நரைத்திருந்தது. மீஞ்சூர் தாண்டியதும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்: நீலப் பாவாடைக்காரி, அப்பா, கதவருகில் நின்ற பெண், அவள் சொன்ன வார்த்தை. திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருக்கலாம்.

அவர் இரண்டு கடிகாரங்களையும் ஒருமுறை பார்த்துவிட்டு, “அந்தப் பொண்ணு பேரு இன்னா நைனா?” என்று கேட்டார்.

“கஸ்தூரி.”

“நல்ல பேரு” என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பொன்னேரி வந்தது. நான் இறங்கவில்லை. கும்மிடிப்பூண்டிவரை அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து போனேன்.