நிபோங் திபாலுக்கு வெள்ளைச் சட்டையில பாடப் போனோம்

போன சனிக்கிழமை எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. ஜார்ஜ்டவுன்ல இருந்து கீபோர்டைத் தூக்கிட்டுப் போயி, நிபோங் திபால்ல ஒரு முதியோர் இல்லத்துல நாலு பாட்டு பாடிட்டு வரணும். அவ்வளவுதான்.

எங்களுக்கு ஒரு சின்னக் குழு இருக்கு. ஆஸ்பத்திரி, முதியோர் இல்லம்னு, பாட்டு கேக்க வெளிய போக முடியாத ஜனங்க இருக்குற இடமா தேடிப் போயி பாடுவோம். இலவச சேவை. கேக்கறவங்களால எந்திரிச்சு ஓட முடியாது. எங்க குரலுக்கு அதுதான் சரியான கூட்டம்!

இந்தத் தடவை போறதுக்கு ஒரு காரணம் இருந்துச்சு. இல்லத்தைப் பாத்துக்கற லலிதாக்கா போன்ல சொன்னாங்க. "தம்பி, இங்க மரியதாஸ்னு ஒரு அங்கிள் இருக்காரு. பஸ் டிரைவரா இருந்தவரு. மகன் இங்க பக்கத்துல ஜுருவுலதான் கார் விக்கிறாரு. கிறிஸ்மஸுக்கு வரேன்னாரு, வரவே இல்ல. இவரு தெனமும் நல்ல சட்டையா மாட்டிக்கிட்டு வாசல்ல உக்காந்துடறாரு. பாக்க முடியல தம்பி. கொஞ்சம் சிரிக்க வைங்களேன்."

"விடுங்கக்கா, நாங்க இருக்கோம்ல!"ன்னேன். இந்த வாய்தான் எனக்குச் சனி.

முதல்ல யூனிஃபார்ம். ஃபேஸ்புக்ல போட்டோ போடணும்ல? அஞ்சு பேரு அஞ்சு கலர்ல நின்னா நல்லாவா இருக்கும்? எங்ககிட்ட ஒரே மாதிரி இருக்கறது வெள்ளைச் சட்டை, கறுப்பு பேண்ட் சிலுவார் மட்டும்தான். நாங்க எல்லாருமே மாதா கோயில் பாடகர் குழு. யார் வீட்ல சாவுன்னாலும் அந்தச் சட்டையில போயி பாடறது நாங்கதான். பினாங்குல முக்கால்வாசிப் பேருக்கு அது தெரியும். எனக்கு மட்டும் அன்னைக்கு மறந்துபோச்சு.

அடுத்தது வேன். பூக்கடை வெச்சிருக்குற ஃபிரண்டுகிட்ட கேட்டு வாங்கினேன். வேன் பக்கவாட்டுல பெரிய எழுத்து: 'மலர் வளையம் செய்து தரப்படும்.'

"யாராச்சும் நம்பர் கேட்டா கொடுத்துடு மச்சான்"னான் அவன்.

பாலம் தாண்டின பிறகுதான் பாட்டுப் புத்தகம் வெக்கிற ஸ்டாண்டை மறந்துட்டோம்னு தெரிஞ்சுது. வேனுக்குள்ள மலர் வளையம் சாத்தி வெக்கிற முக்காலி ஒண்ணு கெடந்துச்சு. "இது போதும்லா!"ன்னேன். என் மூளை அப்படி.

இல்லத்து வாசல்ல இறங்கினோம். ஒருத்தன் கையில கீபோர்டு, ஒருத்தன் கையில முக்காலி. லலிதாக்காவைக் காணோம். அங்க தங்கியிருக்குற சரோஜாக்காதான் கைபேசியும் கையுமா உக்காந்திருந்தாங்க. எங்களை மேலயும் கீழயும் பாத்தாங்க. மூஞ்சி வெளுத்துப் போச்சு.

"யாருக்குப்பா?"

"இங்க இருக்குற எல்லாருக்கும்தான்கா!"ன்னேன், பல்லெல்லாம் தெரிய.

நெஞ்சுல கைய வெச்சுக்கிட்டாங்க. பாட்டுன்னா அவ்வளவு ஆசை போலன்னு நெனச்சேன்.

உள்ள ஓடிப்போயி ஒவ்வொரு கட்டிலா எட்டிப் பாத்தாங்க. மரியதாஸ் அங்கிள் கட்டில் காலி. போர்வை மடிச்சு வெச்சிருந்துச்சு. உடனே போனைப் போட்டாங்க. நான் பக்கத்துலதான் ஒயரைச் சொருகிட்டு இருந்தேன், எல்லாம் காதுல விழுந்துச்சு.

"தம்பி, நான் உங்கப்பா இல்லத்துல இருந்து பேசறேன். கோயில்ல இருந்து பாட்டுக்காரங்க வந்துட்டாங்கப்பா. வெள்ளைச் சட்டையில வந்திருக்காங்க. உங்கப்பா கட்டில் காலியா கெடக்கு. சீக்கிரம் வா."

அங்கிளோட மகனைக் கச்சேரிக்குக் கூப்பிடறாங்க, என்ன நல்ல மனசுன்னு நான் உருகிட்டேன். அங்கிள் குளிச்சு ரெடியாகிட்டு இருப்பாருன்னும் நானே முடிவு பண்ணிட்டேன்.

அதுக்கப்புறம் எங்களுக்குக் கெடச்ச மரியாதை இருக்கே! டிவியை நிறுத்தினாங்க. நடக்க முடிஞ்சவங்க நாற்காலியை எல்லாம் வெளிய எடுத்து வரிசையா போட்டாங்க. சமையல்காரம்மா ஆவி பறக்கப் பறக்க கோப்பி ஊத்தி வெச்சாங்க. தட்டு நெறைய கச்சாங் கடலை, பிஸ்கட். எதிர்க்கடைச் சீன முதலாளி, தவுக்கே, வந்து, தலை குனிஞ்சு, என் கையில ஒரு வெள்ளை உறையைத் திணிச்சாரு.

நன்கொடை! எங்க பாட்டுக்கு இதுவரைக்கும் யாரும் எதுவும் கொடுத்ததில்ல. நன்றி சொல்லி அவரு கையைப் புடிச்சுக் குலுக்கு குலுக்குன்னு குலுக்கினேன். "தெரிமா காசே, தவுக்கே! அடுத்த மாசமும் வருவோம்!"

மனுஷன் கையை உருவிக்கிட்டு, ரோட்டைக்கூடப் பாக்காம ஓடிட்டாரு.

கீபோர்டுல பட்டன் சிக்கிக்கிச்சு. கோயில்ல வாசிக்கிற ஆர்கன் சத்தத்தைத் தவிர வேற எதுவும் வரல. பரவாயில்லன்னு ஆரம்பிச்சேன். முதல் வரிக்கே எல்லாரும் எந்திரிச்சு நின்னாங்க. ரெண்டாவது வரியில அழுகை! சாவு வீட்லகூட எங்க பாட்டுக்காக யாரும் அழுததில்ல. நான் கண்ணை மூடிக்கிட்டு இன்னும் உருக்கமா இழுத்தேன்.

அப்போ வாசல்ல பிரேக் சத்தம். கழுத்துல கம்பெனி அட்டை தொங்க ஒருத்தர் "அப்பா!"ன்னு அலறிக்கிட்டு ஓடி வந்தாரு. நேரா என் தோள்ல சாஞ்சுட்டாரு.

"கடைசியா மொகத்தைக்கூடப் பாக்கலியே! கூப்பிட்டப்போ எல்லாம் பிஸி பிஸின்னேனே!"

அப்போதான் எனக்கு உறைச்சுது. என் சட்டையைப் பாத்தேன். முக்காலியைப் பாத்தேன். வேன்ல எழுதியிருந்ததைப் பாத்தேன். பாக்கெட்டுல அந்த வெள்ளை உறை சுட்டுச்சு. சீனங்க சாவு வீட்டுக்குத்தான் வெள்ளை உறையில பணம் வெப்பாங்க.

நான் வாயைத் தொறக்கறதுக்குள்ள இல்லத்து வேன் வந்து நின்னுச்சு. "வந்துருச்சு, வந்துருச்சு"ன்னு கூட்டம் விலகி வழி விட்டுச்சு. லலிதாக்கா இறங்கினாங்க. பின்னாலேயே மரியதாஸ் அங்கிள், கையில பாதி கடிச்ச கறிபாப்போட. கிளினிக்குக்கு ரத்தம் எடுக்கப் போயிருந்தாங்களாம்!

சரோஜாக்கா போட்ட கூச்சல்ல அங்கிள் கறிபாப்பைக் கீழ போட்டுட்டாரு.

மகன் ஓடிப்போயி கட்டிப் புடிச்சு, சின்னப் புள்ளையாட்டம் அழுதாரு. அங்கிள் எங்களை ஒரு தடவை பாத்தாரு. வரிசையா போட்ட நாற்காலியைப் பாத்தாரு. அவருக்குப் புரிஞ்சுபோச்சு. மேசையில இருந்த கோப்பியை எடுத்து ஒரு வாய் குடிச்சாரு.

"கோப்பி இன்னும் சூடா இருக்கே. ஜுரு இவ்ளோ பக்கத்துலயாடா இருக்கு?"

மகன் தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு நின்னாரு.

லலிதாக்கா என் பக்கம் திரும்பினாங்க. "சிரிக்க வைங்கன்னுதானே தம்பி சொன்னேன்?"

"கொஞ்சம் சுத்தி வந்துட்டோம்கா."

பிறகு பாடினோம். அங்கிள் கல்யாணப் பாட்டு ஒண்ணு கேட்டாரு. ஆர்கன் சத்தத்துல அது மாப்பிள்ளையைப் பொதைக்கிற மாதிரிதான் இருந்துச்சு. ஆனா அங்கிள் தாளம் போட்டு சிரிச்சாரு. மகன் பக்கத்துலயே உக்காந்து கச்சாங் உரிச்சுக் கொடுத்துக்கிட்டு இருந்தாரு. போன் அடிச்சப்போ எடுக்கவே இல்ல. நான் உறையைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். என்னைப் பாத்ததும் தவுக்கே கடைக் கதவைச் சாத்திட்டாரு.

கெளம்பறப்போ அங்கிள் என்னை மட்டும் தனியா கூப்பிட்டாரு.

"அடுத்த மாசமும் வருவீங்கதானே தம்பி?"

"கண்டிப்பா அங்கிள்! இனிமே இந்தச் சட்டையே கிடையாது. எல்லாருக்கும் பூப்போட்ட பாத்தேக் சட்டை தைக்கச் சொல்லிடறேன்."

என் கையை இறுக்கிப் புடிச்சாரு. மகன் காதுல விழாத மாதிரி மெதுவா சொன்னாரு.

"வேணாம்லா தம்பி. சட்டையை மட்டும் மாத்திடாதீங்க."

வெள்ளைச் சட்டை அஞ்சையும் துவைச்சு, கஞ்சி போட்டு, தேய்ச்சு வெச்சாச்சு.