தாம்பூலப் பை விஷயமாக

மரியாதைக்குரிய சம்பந்தி முனிராஜ் அவர்களுக்கு,

அல்சூரிலிருந்து ஜெயவேலு எழுதிக்கொள்வது. இங்கே நானும் தனலக்ஷ்மியும் மகள் மமதாவும் சுகம். பொம்மனஹள்ளியில் தாங்களும் சம்பந்தி அம்மாவும் மாப்பிள்ளை சரவணனும் சுகமென்று நம்புகிறேன். ஒரு வாரமாகத் தாங்கள் போனை எடுக்காததால் கடிதமாக எழுதுகிறேன்.

ஞாயிறன்று சம்பந்தி அம்மா ஏரிக்கரையில் கண்டது உண்மைதான். நிச்சயதார்த்தத்தில் தாம்பூலம் கொடுத்த துணிப்பையில், ‘மமதா – சரவணன்’ என்று அச்சடித்த அதே பையில், நான் குப்பை பொறுக்கிக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் பெயரை அவமதிக்கும் எண்ணம் சத்தியமாக இல்லை. ஓய்வு பெற்றபின் காலையில் ஏரியைச் சுற்றி நடக்கிறேன், நடக்கையில் பாட்டிலும் சிப்ஸ் பாக்கெட்டும் கண்ணில் படும், கைக்கு ஒரு பிளாஸ்டிக் கவர் மாட்டிக்கொண்டு பொறுக்கி, இன்னொரு கவரில் போட்டு, இறுக்கி முடிச்சுப் போட்டு மரத்தடியில் வைப்பேன். தினமும் ஏழெட்டு முடிச்சு. ஊருக்கு உபகாரம் செய்கிற நினைப்பில் கொஞ்சம் நிமிர்ந்தே நடந்தேன். ஒருநாள் பார்த்தால், அங்கே பெருக்கும் சந்திரம்மா அந்த முடிச்சுகளோடு மல்லாடிக்கொண்டிருந்தார்.

“பிரிச்சுக் கொட்டினாதான் வண்டியில ஏத்துவாங்க சார். யாரோ புண்ணியவான் தினம் கட்டி வெச்சிட்டுப் போறாரு. பொறுக்கினது நாலு பிளாஸ்டிக்னா, கட்டினது எட்டு. அவரு வூட்ல தூங்கினா எனக்கு அரை மணி மிச்சம்.”

அந்தப் புண்ணியவான் நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. பக்கத்தில் குந்தி நானும் அவிழ்த்தேன். “உங்களுக்கு இந்த முடிச்சு நல்லா வருது சார்” என்றார்.

மறுநாள் பழைய லுங்கியை மூட்டையாகக் கட்டிப் பார்த்தேன், அது நடுரோட்டில் அவிழ்ந்து பாட்டிலெல்லாம் ஆட்டோக்களுக்கு அடியில் உருண்டது. தனத்தின் அரிசிப் பையைத் தொட்டதற்கு, “அதுல குப்பை போட்டா இனி சோறும் ஏரியிலயே” என்றாள். பரணில் நாற்பது தாம்பூலப் பைகள் மிச்சம் இருந்தன. கொட்டலாம், துவைக்கலாம், முடிச்சே வேண்டாம். எழுத்து உள்ளே போகும்படி திருப்பித்தான் எடுத்துப் போவேன், அன்று அவசரத்தில் மறந்துவிட்டேன். சம்பந்தி அம்மாவைத் தூரத்தில் பார்த்ததும் சேறு படிந்த வேஷ்டியோடு எதிரே நிற்கக் கூச்சப்பட்டு மரத்தின் பின்னால் ஒளிந்தேன். பை மட்டும் வெளியே நின்றுவிட்டது.

மமதா என்னைத் திட்டவில்லை. அந்தப் பையைத் துவைத்து, இஸ்திரி போட்டு, என் தலையணைப் பக்கம் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இனி ஏரிப்பக்கம் போகவே மாட்டேன். கிழவனின் புத்திக்குக் குழந்தைகளைத் தண்டிக்க வேண்டாம்.

சம்பந்தி அம்மாவுக்கு என் மன்னிப்பும், மாப்பிள்ளைக்கு ஆசிகளும்.

இப்படிக்கு,
தங்கள் ஜெயவேலு

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது சம்பந்தி அம்மாவே வந்துவிட்டார்கள். “பையில எதைப் போட்டா என்னண்ணா, எங்களைப் பாத்து ஏன் ஒளிஞ்சீங்க, அதான் மனசு ஆறல. எங்கம்மா முப்பது வருஷம் ரோடு பெருக்கித்தான் என்னை வளர்த்தாங்க” என்றார்கள். இப்போது தனத்தோடு காபி குடிக்கிறார்கள். ஆகவே மேலே எழுதிய எதையும் தாங்கள் படிக்க வேண்டியதில்லை. ஞாயிறு காலை ஆறரைக்குத் தங்களையும் ஏரிக்கு அழைத்து வருகிறார்களாம். வெள்ளைச் சட்டை வேண்டாம்.