மிட்டுவுக்குச் சுற்றிப்போட்ட மிளகாய்

எங்கள் குடும்பத்தில் யாருக்குக் கண்ணேறு கழிப்பதென்றாலும் முதலில் என்னை வீட்டைவிட்டு வெளியே அனுப்பிவிடுவார்கள். காய்ந்த மிளகாயைத் தொடும் யோக்கியதை எனக்குக் கிடையாதாம். நியாயம்தான், ஒன்றும் சொல்வதற்கில்லை.

தாராவியில் எங்களுக்கு அடுத்த வீடு சொர்ணம் சித்தி வீடு. சித்தப்பா காய்ச்சலில் போய்ச் சேர்ந்தபின் அவளுக்கு மிஞ்சியது தகரக்கூரை போட்ட ஒற்றை அறையும், மிட்டு என்ற பச்சைக்கிளியும்தான். மிட்டு அப்படியே சித்தப்பா குரலில் பேசும். "ஏட்டி சொர்ணம், வெந்நி போடு" என்று காலையில் அது அதட்டினால் சித்தி எழுந்து அடுப்பைப் பற்றவைத்துவிடுவாள். சித்தப்பாவின் போன் மழைத்தண்ணீரில் விழுந்து செத்ததோடு, அவர் குரல் வேறெதிலும் இல்லாமல் போயிற்று. அந்தக் கிளிக்கு ஒன்று ஆனால் சித்தி இரண்டாம் முறை தாலியறுத்த மாதிரிதான்.

தீனியும் சித்தப்பாவுக்குப் போட்ட தீனியேதான். டீயில் நனைத்த காரி பிஸ்கட், முறுக்கு, மிக்சர். நடுநடுவே கொறிக்கச் சூரியகாந்தி விதை. பழம், கீரை எதுவும் கிடையாது. (பழம் கொடுத்தால் சளி பிடிக்கும் என்று சொன்ன புண்ணியவான் நான்தான். தோல்பை தைக்கிற பயல், அந்த வயதில் எனக்குத் தெரியாத வைத்தியமே கிடையாது.)

ஒரு மழைக்காலத்தில் மிட்டு இறகை உப்பிக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. மூக்கு ஒழுகியது. மூச்சு விடும்போதெல்லாம் வால் மேலும் கீழும் ஆடியது. பேச்சும் குறைந்துவிட்டது.

"ஏல இசக்கி, டாக்டர்ட்ட கொண்டுபோவோமால?" என்றாள் சித்தி.

"பச்சைக்கிளி வளக்கது சட்டப்படி குத்தம் சித்தி. புடிச்சி உள்ள போட்டுருவான். இது சீக்கு இல்ல, கண்ணு. எதுத்த வீட்டுக்காரி 'எப்பிடிப் பேசுது பாரேன்'னு வாயப் பொளந்தால்லா? அன்னையிலருந்துதான் இப்பிடி."

சித்திக்கு அது சரியென்று பட்டுவிட்டது. மிளகாய், கல்லுப்பு, தெருமண் எல்லாம் எடுத்துத் தந்தாள். "வெளிய வச்சிப் போடுல" என்றும் சொன்னாள். வெளியே மழை கொட்டியது. நான் கதவைச் சாத்தி, இரும்புச் சட்டியை அடுப்பில் ஏற்றி, மிளகாயால் கூண்டை மூன்று சுற்றுச் சுற்றிச் சட்டியில் போட்டேன்.

நெடியே வரவில்லை. நெடி வரவில்லை என்றால் கண் பட்டிருக்கிறது என்றுதானே கணக்கு! "பாத்தீங்களா சித்தி, எம்புட்டுக் கண்ணு!" என்று இன்னொரு கை மிளகாயைப் போட்டேன். மழையில் மிளகாய் நமத்துப் போயிருந்தது என்பது என் மரமண்டைக்கு எட்டவில்லை. நமத்தது காய்ந்ததும் மொத்தமாகப் புகைந்தது பாருங்கள், சாமி! நானும் சித்தியும் கண்ணீரும் மூக்குமாகத் தெருவில் வந்து விழுந்தோம்.

"மிட்டு எங்கல?" என்றாள் சித்தி.

நான் திரும்பி ஓடிக் கூண்டைத் தூக்கி வந்தபோது மிட்டு கூண்டின் அடியில் வாயைப் பிளந்து கிடந்தது.

சித்தி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள். செம்பூரில் பறவைகளைப் பார்க்கிற ஒரு டாக்டரம்மா இருந்தார். மராத்திக்காரர், எங்களோடு ஹிந்தியில் பேசினார். நான் முந்திக்கொண்டு, "ரோட்டில் கிடந்தது மேடம், பாவம் பார்த்து எடுத்து வந்தோம்" என்றேன். அவர் மிட்டுவை ஒரு கண்ணாடிப் பெட்டியில் வைத்து ஆக்சிஜன் விட்டார்.

கொஞ்ச நேரத்தில் மிட்டு தலையைத் தூக்கியது. சித்தி பெட்டியருகே போனாள். மிட்டு தொண்டையைக் கனைத்தது, சித்தப்பா கனைக்கிற அதே கனைப்பு. ரோட்டில் கிடந்த கிளி இப்போது சுத்தமான திருநெல்வேலித் தமிழில் பேசப்போகிறது, நான் கம்பி எண்ணப்போகிறேன்!

இருமினேன். சும்மா இருமல் இல்லை, மிட்டுவின் அலகு அசைந்து ஓய்கிற வரைக்கும் விடாமல் மேஜையைப் பிடித்துக்கொண்டு அந்த அறையே அதிர இருமினேன்.

டாக்டரம்மா பதறிப்போய் என் முகத்தில் மாஸ்க்கை மாட்டினார். கிளிச்சீக்கு மனிதர்களுக்கும் தொற்றுமாம். எத்தனை நாளாக இருமல், காய்ச்சல் உண்டா, சளியில் ரத்தம் வருகிறதா என்று கேள்வி மேல் கேள்வி. பொய்யை நிறுத்த முடியாமல் எல்லாவற்றுக்கும் இருமியே பதில் சொன்னேன். நெஞ்சுக்கு எக்ஸ்ரே எடுக்க என்னைத் தனியாக அனுப்பிவைத்தார். (நுரையீரல் பளிங்கு மாதிரி இருந்தது. வெட்கக்கேடு.)

நான் திரும்பி வந்தபோது சித்தி அரைகுறை ஹிந்தியில் எல்லா உண்மையையும் சொல்லி முடித்திருந்தாள். டாக்டரம்மா சத்தம் போடவில்லை. எண்ணெயும் விதையும் தின்று ஈரல் முழுக்கக் கொழுப்பு, பழமும் கீரையும் காணாததால் மூக்கும் தொண்டையும் கெட்டுப் பூஞ்சை பிடித்திருக்கிறது, அதற்குமேல் இந்தப் புகை என்றார். "நான் போலீஸ் இல்லை. மூக்கு ஒழுகின அன்றைக்கே வந்திருக்கலாமே" என்றார். எனக்கு இருமக்கூட வரவில்லை.

மறுநாள் காலையில் மிட்டு செத்துப்போனதாக போன் வந்தது. அன்றைக்குச் சித்தி வெந்நீர் போடவில்லை.

இதெல்லாம் நடந்து வருஷங்கள் ஆகிவிட்டன. கல்யாணமோ சடங்கோ, சொந்தக்காரர்கள் கூடினால், "இசக்கி, அந்த டாக்டர் இருமல ஒருக்கா இருமிக் காட்டுடே" என்பார்கள். நானும் இருமுவேன். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள், சித்திதான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரிப்பாள். சிரித்து ஓய்ந்து, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒவ்வொரு தடவையும் என்னைப் பக்கத்தில் கூப்பிடுவாள்.

"நீ இருமுன சத்தத்துல எனக்குக் கேக்கலடே. கடைசியா அவரு என்ன சொன்னாரு?"

"உங்க பேரத்தான் சித்தி சொன்னாரு" என்பேன்.

எனக்கும் கேட்கவில்லை.